பதினோரு மணி வண்டி

மேற்குத் தாம்பரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று சொல்லி அம்மா கையில் கொடுத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. தாளில் எழுதினால் நீ பாதியில் வெட்ட முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா எல்லாம் சொன்னாள். செயற்கைக் கால் வந்து முதல் வாரம் போட்டுப் பார்த்தாயாம். வலித்ததாம். பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாயாம். ஆபீஸ் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாயாம். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் "தைரியமா இரும்மா, பாசிட்டிவ்வா யோசி" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்களாம். அவர்கள் நல்லவர்கள்தான். என்ன சொல்வதென்று தெரியாதபோது மனிதர்கள் சொல்கிற வார்த்தை அது. அதற்காக நீ அதை நம்ப வேண்டியதில்லை.

மாரியப்பன் தங்கவேலு வீடியோவை உன் சித்தி எனக்கும் அனுப்பினாள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் கால் போய் ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணிடம், பாத்ரூம் வாசற்படியைத் தாண்டவே அவள் திணறுகிற நேரத்தில், இதைக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மெடல் வாங்கினால்தான் தேறினோம் என்று ஆகிவிடுகிறது. சாதாரணமாக வேலைக்குப் போய், சாயந்தரம் மார்க்கெட்டில் கீரை பேரம் பேசி வாழ்கிறவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

நான் இரண்டு வயதில் போலியோ வந்தவன். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது என் கேலிப்பர் சத்தத்தை வைத்து "டக்டக் பெரியப்பா" என்பாய், நினைவிருக்கிறதா? அந்தக் காலோடுதான் தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே மீட்டர்கேஜ் வண்டியில் டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் போய் வந்தேன். இத்தனை வருஷத்தில் என்னைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் மனது தெளிந்து, பிறகு வாசலைத் தாண்டியவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எரிச்சலோடும் பயத்தோடும் அழுகையோடும் வெளியே போனவர்களுக்குத்தான், போகப்போக, எப்போது என்றே தெரியாமல் தெளிந்தது. உனக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

முதலில் வலி. கட்டிலுக்கு அடியில் கிடக்கிற அந்தக் கால் வலித்ததற்கும் உன் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு பல மாதங்களுக்கு வீக்கம் வடியும், தசை சுருங்கும், ஸ்டம்ப் இளைத்துக்கொண்டே வரும். அன்று அளவெடுத்துச் செய்த சாக்கெட் இன்று தொளதொளவென்று இருக்கும். கால் உள்ளே இறங்கி எலும்பு முனை போய் இடிக்கும். உன்னைப் போல முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு, முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழேயும் பக்கங்களிலும்தான் எடை இறங்க வேண்டும். முனையில் இறங்கக் கூடாது. அதற்குத்தான் ஸ்டம்ப் சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது. அப்படியும் அடுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தால் சாக்கெட்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பார். பத்து, பதினைந்து நிமிஷத்தில் சிவப்பு மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் ஒரே இடத்தில் நின்றால், கொப்புளம் எழுந்தால், அன்றே கழற்றி வைத்துவிட்டு, கால் செய்து கொடுத்த டெக்னீஷியனிடம் போ. தையற்கடையில் ரவிக்கை பிடிக்கிறது என்றால் திருப்பிக் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொல்லமாட்டாயா? இதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் வேறு இடம் போகலாம். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-லிருந்து மத்திய அரசின் நிறுவனம் இயங்குகிறது. அது பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தொடங்கியது என்றாலும் செயற்கை அவயவப் பிரிவு உண்டு. இரண்டு இடத்துக்கும் நம் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

ராத்திரி முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதை விட்டுவிடு. இதமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு எந்தக் காலும் பொருந்தாது. பகலில் கொஞ்ச நேரம் குப்புறப் படு. சாயந்தரம் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, அடிப்பாகத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார். சென்னை வெயிலில் உள்ளே வியர்வை குளமாகத் தேங்கும். நடுவில் கழற்றித் துடைத்து மறுபடி போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆபீஸ் பெண்கள் அறையில் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. இதை நீ யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். இல்லாத காலின் கட்டைவிரல் எரிகிறதா? பாதம் முறுக்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறதா? பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கை, கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. இதைப் பற்றி உலகம் முழுக்கப் பேச வைத்தவர் நம் ஊர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். 1990-களில் அமெரிக்காவில், ஒரு பெட்டியில் சாதாரணக் கண்ணாடியை நிறுத்திவைத்து, இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நோயாளி நல்ல கையை விரித்தால், இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிகிற மாதிரி உணர்ந்தார். 2007-ல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த சிப்பாய்களுக்கு தினம் 15 நிமிஷம் வீதம் நான்கு வாரம் இதைச் செய்து பார்த்தார்கள். கண்ணாடி பார்த்துச் செய்தவர்களுக்கு வலி இறங்கியது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். மாத்திரையும் உண்டு, டாக்டரைக் கேள். உன் அலமாரிக் கதவில் இருக்கிற நிலைக்கண்ணாடியே இதற்குப் போதும். பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் சொன்னால் உட்காரும் விதத்தைக் காட்டித் தருவாள்.

பாப்பா, வீடியோ வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் இளைஞனாக இருந்தபோது, என் காலைப் பார்க்க வேலூர் சி.எம்.சி.க்குப் போய் வந்த நாட்களில், எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சிப் பக்கத்தில் பிறந்தவர். வேலூரில் படித்து, பெண்களுக்கான மருத்துவத்தில் மேலே போகலாம் என்று இருந்தார். 1954-ல் நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி உருண்டது. முகம் கிழிந்தது, முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. உன்னைவிட நாலைந்து வயது பெரியவர் அப்போது. சர்ஜன் ஆக நினைத்த பெண்ணால் எழுந்து நிற்கவே முடியாது.

இங்கே கதை சொல்கிறவர்கள் "அவர் மனம் தளரவில்லை" என்று எழுதிவிடுவார்கள். தளராமல் எப்படி இருக்கும்? படுக்கையிலேயே மாதக் கணக்கில் கிடந்தவர், தன்னால் இனி யாருக்கும் பயனில்லை என்று நினைத்தவர். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அவருடைய தைரியத்தைவிட, பால் பிராண்ட் செய்த காரியம். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப் போன கைவிரல்களை, தசைநார்களை இடம் மாற்றி வைத்துத் திரும்ப நிமிர்த்துகிற அறுவையை வேலூரில் தொடங்கியவர். அவர் மேரியிடம் ஆறுதல் வார்த்தை பேசிக்கொண்டிருக்கவில்லை. கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்றார். அவ்வளவுதான். சக்கர நாற்காலியைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மேரி செய்தார். முதுகு வலியோடு, நடுங்கிக்கொண்டுதான் செய்திருப்பார். தொழுநோயாளிகள் அந்த டாக்டரைப் பார்த்தார்கள். தங்களைவிட ஒரு படி மோசமான நிலைமையில் இருப்பவர் தங்கள் விரலை நிமிர்த்துகிறார் என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதில் வரிசையைக் கவனி. முதலில் வேலை வந்தது. அதற்குப் பிறகுதான் தன் உடம்புக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனார். அதற்கும் பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம் புனர்வாழ்வு மருத்துவம் படித்தார். 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவர். 1966-ல் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெற ஒரு நிலையமே திறந்தாகிவிட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமாகும்வரை சக்கர நாற்காலிதான். நடந்துவிடவில்லை. "கடைசியில் எழுந்து நடந்தார்" என்ற முடிவு இல்லாத கதை என்பதால்தான் எனக்கு அதன் மேல் மரியாதை.

அதனால் மனது சரியாகட்டும், பிறகு ஆபீஸ் போகலாம் என்று இராதே. உன் கம்பெனிக்கு இந்த வாரமே மெயில் போடு. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெரியுமல்லவா? அரசு வேலையில் இருப்பவருக்கு இடையில் ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்ப முடியாது, பதவியைக் குறைக்க முடியாது என்று அதில் இருக்கிறது. தனியாருக்கு அந்தப் பிரிவு இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உன் கம்பெனியின் கொள்கை எங்கே என்று மரியாதையாகக் கேள். அழுதுகொண்டு கேட்காதே, சண்டையும் போடாதே. தரைத்தளத்தில் இடம், முதல் சில மாதங்களுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, கேப் வாசல் வரை வருவது என்று, உனக்கு வேண்டியதை எண்ணி எழுது. பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் அனுதாபம்தான் வரும்.

அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடு. அட்டை வாங்கினால் முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். குத்தட்டுமே. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால்தான் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, பஸ் பாஸ், இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் எதையும் கேட்க முடியும். உனக்கு வலது கால். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில்தான். யோசித்துப் பார்.

இனி வெளியே போகிற விஷயம். எங்கே தொடங்குவது என்றால், தாம்பரம் ஸ்டேஷனில். லிஃப்ட் இருக்கிறது. காலை எட்டரை மணிக் கூட்டத்தில் வேண்டாம், நெரிசலில் யாராவது காலை மிதித்தால் உனக்கே தெரியாது. பதினோரு மணி வாக்கில் இங்கிருந்தே கிளம்புகிற பீச் வண்டி காலியாக நிற்கும். அவசரமில்லாமல் ஏறலாம். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது செயற்கைக் கால் முன்னால். படிக்கட்டுக்கும் அதே விதி. வலது கால் போனவர் கம்பை இடது கையில் பிடிக்க வேண்டும். பலரும் கால் போன பக்கமே பிடித்துச் சாய்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நமக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் கல்லூரிப் பையன்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். கோபப்படாமல், காலைத் தட்டிக் காட்டி, "தம்பி, எந்திரிப்பா" என்று சொல். எழுந்துவிடுவார்கள். எழுந்திருக்காதவனை அந்தப் பெட்டியில் இருக்கிற நம் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பெட்டியில் உனக்குச் சிநேகிதர்கள் கிடைப்பார்கள். பார்வையில்லாதவர்கள், காலிழந்தவர்கள், என்னைப் போன்ற போலியோக்காரர்கள். எந்த டெக்னீஷியன் நல்லவர், எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் அடிக்கடி நிற்கும், எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்பார்கள் என்பதெல்லாம் எந்த டாக்டருக்கும் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

பஸ்ஸும் முன்னைப் போல் இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை விட்டிருக்கிறது. தானாக வந்ததில்லை. நம்மைப் போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி வாங்கியது. மெரினா மணலில் சக்கர நாற்காலி போக 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து பிய்த்துவிட்டது. திரும்பச் சரிசெய்ய வைத்தார்கள். 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. நம் தாம்பரமும் 2021-லிருந்து மாநகராட்சி. நடைபாதையில் கடை, கடைக்கு நடுவே ட்ரான்ஸ்பார்மர், அதற்குப் பக்கத்தில் திறந்த மழைநீர்க் கால்வாய் என்று இருக்கிற ஊரில் நம்மில் ஒருவர் மன்றத்தில் உட்கார்ந்தால் கேட்பதற்கு நிறைய இருக்கும். உனக்குப் பேசத் தெரியும் என்பதைச் சும்மா குறித்துவைக்கிறேன்.

வழியில் கேட்பார்கள். "என்னம்மா ஆச்சு? பிறவியா? கல்யாணம் ஆயிடுச்சா?" ஒரு வரிப் பதிலைத் தயாராக வைத்துக்கொள். "ஆக்சிடென்ட், இப்ப பரவாயில்ல" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிவிடு. முழுக் கதையையும் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை நீ. சொல்லத் தோன்றினால் சொல். உதவிக்கு வருகிறவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்ப்பார், அப்போதுதான் விழுவோம். "பிடிக்காதீங்க, கையை மட்டும் நீட்டுங்க, நானே பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லப் பழகு.

அம்மாவிடமும் அப்படியே. தட்டை எடுத்துவந்து மடியில் வைக்கிறாள் என்றால், அவளுக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கிறது. கழுவுகிற வேலை உன்னுடையது, துணி மடிக்கிறது உன்னுடையது என்று மெதுவாகப் பிடுங்கிக்கொள். கீழ்த்தளத்து வீட்டுக்கு மாறலாம் என்று அப்பா பார்க்கிறாராம். முடிச்சூர் பக்கம் மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். 2015 டிசம்பரில் வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் நின்றபோது தரைத்தளம் என்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று பார்த்தோம். மேடான இடமாக, கைப்பிடி வைக்க வசதியுள்ள பாத்ரூமாக இருக்கட்டும்.

மோசமான சாயந்தரங்கள் வரும். எனக்கு இப்போதும் வருகிறது. போலியோ வந்தவர்களுக்கு வயதான பிறகு, பல வருஷமாக நன்றாக இருந்த தசைகூட மறுபடி தளரும். போன வருஷத்திலிருந்து தூரம் போக எனக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. திருநீர்மலைக்குப் போனால் மேலே ரங்கநாதரிடம் ஏற முடிவதில்லை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளோடு சரி. அவரும் பெருமாள்தானே என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன், அவள் சிரிக்கிறாள். அழுகை வந்தால் அழு. அழுத மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து காலை மாட்டு.

வருகிற புதன்கிழமை பத்தரைக்கெல்லாம் ஸ்டேஷன் கிழக்கு வாசல் டிக்கெட் கவுன்டர் பக்கம் இருப்பேன். அம்மா கூட வரவேண்டாம். ஆட்டோவில் ஏற்றிவிட்டால் போதும். சாக்ஸ் கூடுதலாக ஒரு ஜோடி, சின்னத் துண்டு, தண்ணீர் எடுத்துக்கொள். அதற்குள் டெக்னீஷியனைப் பார்த்துவிட்டால் நல்லது, பார்க்க முடியாவிட்டால் கம்புகளோடு வா. டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன். உறுத்தினால் குரோம்பேட்டையிலேயே இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். உறுத்தவில்லை என்றால் பீச் வரைக்கும் போகலாம்.

வருவதாக இருந்தால் எனக்கே மெசேஜ் போடு, அம்மா மூலம் சொல்லாதே.

அன்புடன்,
பெரியப்பா